பின் ஸீட்டுப் பெரியவர்கள்

சென்ற முகூர்த்த தினத்தன்று பூந்தமல்லியில் ஒரு கலியாணம். அம்பத்தூரிலிருந்து என் தமக்கை குடும்பத்தார் புறப்பட்ட காரில் எனக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். வண்டியை ஓட்டியவன் என் மருமான், அதாவது தமக்கையின் புதல்வன். பின்னால் என் தமக்கை, அவளுடைய மாமியார், மருமானின் மனைவி ஆகிய மூவரும் ஒரு பலகாரக் கூடையும். முன்னால் நான். என் மடியில் மருமானின் இரண்டு வயதுக் குழந்தை. "மாமா முன்னால் உட்காரட்டும், குழந்தை வேடிக்கை பார்த்துக் கொண்டு வருவான்" என்று எல்லோரும் ஏகமனதாய்த் தீர்மானித்தார்கள். குழந்தையும் அந்தத் தீர்மானத்தை ஆமோதித்து, என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிற்று.

வண்டி கிளம்பியதும் நான் பக்கத்தில் தொங்கிய பெல்ட்டை இழுத்து மாட்டிக் கொள்ள முயன்றேன். மடியில் குழந்தையை வைத்துக் கொண்டு அந்தக் காரியத்தைச் செய்வதற்கு மூன்றாவது கை ஒன்று வேண்டும். மருமான் சிரித்தான்.

"மாமா, ஏன் சிரமப்படுகிறீர்கள்? சும்மா தோள்மேல் போட்டுக் கொள்ளுங்கள். ஆவடி சிக்னலில் போலீஸ்காரர் நிற்பார். அதைத் தாண்டினால் எடுத்து விடலாம்" என்றான்.

"பெல்ட் மாட்டாவிட்டால் வண்டி மணியடிக்குமே, அப்பா?" என்று கேட்டேன்.

அவன் என் இடுப்பருகில் இருந்த பூட்டைக் காட்டினான். அதில் ஓர் இரும்பு நாக்கு ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது. அந்த நாக்குக்குப் பெல்ட் கிடையாது, பெல்ட்டோடு ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. மணியின் வாயை அடைப்பதற்கென்றே விலைக்கு வாங்கப்பட்டது. ஒரு மனிதன் பெல்ட் மாட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பதாக வண்டி நம்பிக் கொண்டிருந்தது. நானும் கலெக்டர் ஆபீஸ் டபேதாரைப் போல் தோளின் குறுக்கே பட்டையைப் போட்டுக் கொண்டு கம்பீரமாக வீற்றிருந்தேன். ஆவடி சிக்னலில் நின்ற போலீஸ்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். பரம திருப்தியுடன் கையை அசைத்தார். தோள்மேல் கிடந்த பட்டையை நான் நழுவ விட்டேன்.

பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டிச் சிறிது தூரம் போயிருப்போம். எங்களுக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ ஒன்று, கை தட்டிக் கூப்பிட்ட ஓர் அம்மாளுக்காக நட்டநடு ரஸ்தாவில் நின்றது. மருமான் பிரேக்கை அழுத்தினான். வண்டி எதன் மேலும் மோதவில்லை. ஷேர் ஆட்டோவுக்கு ஒரு சாண் பின்னால் நின்று விட்டது. ஆனால் குழந்தை என் கைகளுக்குள் இல்லை. அவன் தலை முன்பலகையில் இடித்து, என் முழங்கால்களுக்கும் பலகைக்கும் நடுவே கிடந்தான். பின்னாலிருந்து ஒரு சப்தம். எழுபத்தெட்டு வயதான பாட்டியின் முகம் என் நாற்காலியின் முதுகில் வந்து மோதிக் கண்ணாடி இரண்டு துண்டாயிற்று. புருவத்துக்கு மேலே இரத்தம்.

கடவுள் புண்ணியத்தில் விஷயம் அவ்வளவோடு முடிந்தது. குழந்தைக்கு நெற்றியில் ஒரு புடைப்பு. பாட்டிக்கு இரண்டு தையல். கலியாண வீட்டில் எல்லோரும் "நல்ல வேளை!" என்றார்கள். "திருஷ்டி கழிந்தது" என்றும் ஒருவர் சொன்னார். எனக்கு மட்டும் விருந்து ருசிக்கவில்லை. அந்தக் குழந்தையைப் பிடித்திருந்த கைகள் என்னுடையவை அல்லவா?

அன்று மாலை ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாங்கள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க் கொண்டிருந்தோம். நல்ல பிரேக் உள்ள வண்டி அந்த வேகத்திலிருந்து நிற்பதற்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி பிடிக்கும். அதே வண்டி ஒரு சுவரிலோ லாரியிலோ மோதி நின்றால் பத்தில் ஒரு விநாடியில் காரியம் முடிந்து விடுகிறது. ஒன்றரை விநாடியில் நின்றபோதே குழந்தையை என்னால் பிடிக்க முடியவில்லை. பத்தில் ஒரு விநாடியில் நின்றிருந்தால், 12 கிலோ எடையுள்ள அந்தக் குழந்தை 130 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தோடு என் கையை விட்டுப் பிய்த்துக் கொண்டு போயிருக்கும். பயில்வான் கிங்காங்கைக் கொண்டு வந்து முன் ஸீட்டில் உட்கார வைத்தாலும் அதைத் தடுக்க முடியாது. தாயின் பிடி இரும்புப் பிடி என்று நாம் சொல்கிறோம். பௌதிக சாஸ்திரத்துக்குத் தாய்ப்பாசம் தெரியாது.

"40 கிலோமீட்டர் என்ன பிரமாத வேகம்? நான் என்ன வண்டலூரிலிருந்து மீஞ்சூர் போகும் 62 கிலோமீட்டர் வெளிவட்ட ரஸ்தாவிலா பறக்கிறேன்? அங்கே போனால் பெல்ட் போட்டுக் கொள்கிறேன்" என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் என்றால் 14 மீட்டர் உயரம். நான்கு மாடி. 100 கிலோமீட்டர் என்றால் பன்னிரண்டு மாடிக் கட்டிடம். மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லாமல் வீடு கட்டினால் அந்த வீட்டுக்குக் குழந்தையை அழைத்துப் போக நாம் சம்மதிப்போமா? ஊருக்குள்தானே, தெருமுனைக் கடைக்குத்தானே என்று பெல்ட் இல்லாமல் காரில் ஏற்றுகிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. என் மருமான் வேலை செய்வது அம்பத்தூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு வேண்டிய உறுப்புக்களைச் செய்யும் ஒரு தொழிற்சாலையில். அந்தப் பிராந்தியமே மோட்டார்த் தொழிலால் வாழும் பிராந்தியம். 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி ஏற்பட்டது. 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. பக்கத்திலுள்ள பாடியில் வண்டிக்குச் சக்கரம் செய்கிறார்கள், பிரேக் செய்கிறார்கள், மின்சார உறுப்புக்கள் செய்கிறார்கள். ஆவடியில் 1965 முதல் யுத்த டாங்கிகளே தயாராயின. பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் ரஸ்தாவில் போனால் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் முழு மோட்டார் காராகவே செய்து வெளியே விடுகிறார்கள். ஓர் இரும்புத் துண்டு எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை நூலிழை பிசகாமல் அளந்து பார்க்கத் தெரிந்தவர்கள் ஆயிரக் கணக்கில் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். மருமானும் அவர்களில் ஒருவன். ஆலைக்குள் நுழையும்போது தலைக்குத் தொப்பி, காலுக்கு இரும்பு வைத்த பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி எல்லாம் அணிகிறான். அணியாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. வெளியே வந்து காரில் ஏறியவுடன், தன் தொழிற் சாஸ்திரத்தையெல்லாம் வாசலில் கழற்றி வைத்து விட்டு வந்து விடுகிறான்.

இந்தப் பெல்ட் எப்படி உண்டாயிற்று என்பது ரஸமான கதை. ஸ்வீடன் தேசத்தில் நில்ஸ் போலின் என்று ஓர் இன்ஜினீயர் இருந்தார். முதலில் அவர் ஆகாய விமானக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். விமானத்துக்கு ஆபத்து நேர்ந்தால் விமானியை ஆசனத்தோடு தூக்கி வெளியே எறியும் யந்திரத்தை அமைப்பது அங்கே அவருடைய வேலை. பிறகு வால்வோ மோட்டார்க் கம்பெனிக்கு வந்தார். ஆபத்து நேரும்போது மனிதன் வெளியே எறியப்படாமல் உள்ளேயே இருக்கும்படி செய்வது இங்கே அவருடைய வேலையாயிற்று! அதற்கு முன் இருந்த பெல்ட் வயிற்றின் குறுக்கே மட்டும் கட்டுவது. மோதலில் அது குடலையும் கல்லீரலையும் நசுக்கியது. மார்பும் தலையும் முன்னால் போய் மோதின. போலின் 1959-இல் தோளிலிருந்து ஒரு பட்டை, இடுப்பின் குறுக்கே ஒரு பட்டை, இரண்டும் ஒரே நாக்கில் வந்து சேர்ந்து பூட்டிக் கொள்வது என்று அமைத்தார். ஒரு கையால் மாட்டலாம். வால்வோ கம்பெனி அதற்கு உரிமைப் பத்திரம் வாங்கியது. வாங்கிய பிறகு, எல்லா மோட்டார்க் கம்பெனிகளும் தாராளமாய் உபயோகித்துக் கொள்ளலாம் என்று விட்டு விட்டது. காசைப் பார்க்கும் உலகத்தில் இப்படியும் ஒரு காரியம் நடந்திருக்கிறது.

பெல்ட்டைக் கண்டுபிடித்து விட்டால் ஜனங்கள் மாட்டிக் கொள்வார்கள் என்பது போலின் போன்ற நல்லவர்களின் நம்பிக்கை. எந்தத் தேசத்திலும் அப்படி நடக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாகாணத்தார் 1970 டிசம்பரில் முதல் முதலாகச் சட்டம் போட்டார்கள். பிரிட்டனில் முன் ஸீட்டுக்காரர்களுக்கு 1983-இல் சட்டம் வந்தது. பின் ஸீட்டுப் பெரியவர்களுக்கு 1991-இல்தான். ஆகையால் நாம் மட்டுமே சட்டத்துக்கு அஞ்சி நல்ல காரியம் செய்யும் ஜாதி என்று தலை குனிய வேண்டியதில்லை.

நம் தேசத்துச் சட்டத்தை நான் தேடிப் பார்த்தேன். 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-ஆவது விதி. பெல்ட் பொருத்தப்பட்ட வண்டி ஓடிக் கொண்டிருக்கையில், ஓட்டுகிறவரும் முன் ஸீட்டில் இருப்பவரும் பெல்ட் அணிய வேண்டும். அதோடு நிற்கவில்லை, முன்னோக்கி அமைந்த பின் ஸீட்டுகளில் உட்காருகிறவர்களும் அணிய வேண்டும். பின் ஸீட் என்ற வார்த்தையைப் படித்ததும் நான் கண்ணைத் துடைத்துக் கொண்டு மறுபடி படித்தேன். இத்தனை வருஷமாய் நாம் எல்லோரும் குற்றவாளிகள்! மோட்டார் வாகனச் சட்டத்துக்கு 2019-இல் செய்த திருத்தத்தில், முன்பு 100 ரூபாயாக இருந்த அபராதம் 1,000 ரூபாய் ஆயிற்று. பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெல்ட்டோ குழந்தைக்குரிய தனி ஆசனமோ இல்லாமல் அழைத்துப் போனால் அதற்கும் 1,000 ரூபாய். நம் ராஜ்யத்தில் இந்தப் புதிய அபராத விகிதம் 2022 அக்டோபரில் அமுலுக்கு வந்தது. அவ்வருஷ ஆரம்பத்தில்தான் ஆவடிக்கென்று தனிப் போலீஸ் கமிஷனர் காரியாலயமும் ஏற்பட்டிருந்தது.

சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பதையும் சொல்லி விட வேண்டும். பெல்ட் பொருத்தப்பட்ட வண்டிக்குத்தான் இந்த விதி. விடியற்காலை ஷிப்டுக்கு ஆட்களை அடைத்துக் கொண்டு விரையும் பழைய வேன்களையும், எங்கள் முன்னால் நின்றதே அந்த ஷேர் ஆட்டோ, அதையும் இந்த விதி தொடாது. ஏழைகளின் வண்டியில் பெல்ட்டே இல்லை. பெல்ட் இருக்கிறவர்கள் அதன்மேல் உட்காருகிறார்கள்.

உட்காருகிறார்கள் என்று நான் சொன்னது அலங்காரம் அல்ல. கார் வாங்கிய முதல் வாரமே நம்மவர்கள் ஸீட்டுக்கு உறை தைத்துப் போடுகிறார்கள். முன் ஸீட்டில் போலீஸ்காரருக்காகப் பூட்டை வெளியே எடுத்து விடுகிறார்கள். பின் ஸீட்டில் மூன்று பூட்டுக்களும் உறைக்கு அடியில் சமாதி அடைகின்றன. நம் வீடுகளில் பின் ஸீட்டு யாருக்கு? மரியாதைக்குரியவர்களுக்கு. தாயார், மாமியார், கர்ப்பிணிப் பெண், பச்சைக் குழந்தை. பெரிய உத்தியோகஸ்தர்களும் மந்திரிகளும் அங்கேதான் உட்காருகிறார்கள். பின்னால் உட்கார்ந்தால் முன் ஸீட்டு மெத்தையாக வந்து தாங்கும் என்று ஒரு நம்பிக்கை. பாட்டியின் புருவத்தைப் பார்த்த பிறகு எனக்கு அந்த நம்பிக்கை போய் விட்டது.

தேசமே பார்க்கும்படியாக இந்தப் பாடம் இரண்டு தடவை நடந்திருக்கிறது. 2014 மே 26-ஆம் தேதி கோபிநாத் முண்டே மத்திய மந்திரியாகப் பிரமாணம் எடுத்துக் கொண்டார். ஜூன் 3-ஆம் தேதி காலை விமான நிலையத்துக்குப் புறப்பட்டவரின் கார் மேல் டில்லித் தெரு ஒன்றில் வேறொரு கார் மோதியது. அவர் பின் ஸீட்டில் பெல்ட் அணியாமல் இருந்தார். உயிர் பிழைக்கவில்லை. தலைநகரத்தின் தெருவில், நெடுஞ்சாலையில் அல்ல, என்பதைக் கவனிக்க வேண்டும். எட்டு வருஷத்துக்குப் பின், 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி, டாடா ஸன்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஸைரஸ் மிஸ்திரி குஜராத்திலிருந்து பம்பாய் திரும்பிக் கொண்டிருந்தார். பால்கர் ஜில்லாவில் சூர்யா நதிப் பாலத்தின் சுவரில் கார் மோதியது. விலையுயர்ந்த ஜெர்மன் கார். காற்றுப் பைகள் உள்ள கார். முன் ஸீட்டில் இருந்த இருவர் பலத்த காயங்களுடன் உயிர் தப்பினார்கள். பின் ஸீட்டில் பெல்ட் இல்லாமல் இருந்த இருவர், மிஸ்திரியும் அவருடைய நண்பரும், இறந்து போனார்கள். மிஸ்திரிக்கு வயது 54. அதன் பிறகு சில வாரங்கள் பின் ஸீட்டுப் பெல்ட்டைப் பற்றித் தேசமெங்கும் பேச்சாக இருந்தது. சில வாரங்கள்.

பின்னால் இருப்பவர் தம்மை மட்டும் பணயம் வைக்கவில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மோதல் நேரும்போது அவர் உடம்பு முன் ஸீட்டுக்காரரின் முதுகில் ஒரு பீரங்கிக் குண்டு போல் வந்து விழுகிறது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஆயிரக் கணக்கான விபத்துக்களைப் பரிசீலித்து 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முன்னால் இருப்பவர் ஒழுங்காகப் பெல்ட் அணிந்திருந்தாலும், பின்னால் இருப்பவர் அணியாவிட்டால், முன்னவர் சாகும் அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆகிறதாம். என் நாற்காலியின் முதுகில் மோதியது பாட்டியின் மெலிந்த உடம்பு. வண்டி மோதி நிற்கவும் இல்லை. ஆகவே இதை எழுத நான் இருக்கிறேன்.

காற்றுப் பையைப் பற்றியும் ஒரு தப்பபிப்பிராயம் இருக்கிறது. "எங்கள் வண்டியில் ஆறு பை இருக்கிறது, பெல்ட் எதற்கு?" என்கிறார்கள். அந்தப் பை தலையணை அல்ல. கண் இமைப்பதற்குள் வெடி மருந்தின் வேகத்தில் விரிவது. பெல்ட் கட்டிய மனிதன் சற்றே முன்னால் சாயும்போது அவனைத் தாங்குவதற்கென்று கணக்கிட்டுச் செய்தது. பெல்ட் இல்லாதவன் பை விரிந்து கொண்டிருக்கும்போதே அதன்மேல் போய் விழுந்தால், தாங்க வேண்டிய பையே அவன் முகத்தில் குத்தும். முன் ஸீட்டில் மடியில் வைத்த குழந்தையாயிருந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுதப் போவதில்லை.

2022-ஆம் வருஷத்தில் நம் தேசத்து ரஸ்தாக்களில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ் நாட்டில் மட்டும் 17,884 பேர். தேசம் முழுவதிலும் பெல்ட் அணியாமல் இருந்து இறந்தவர்கள் 16,715 பேர் என்று மத்திய சர்க்கார் கணக்கு சொல்கிறது. அவர்களில் வண்டி ஓட்டினவர்கள் 8,384; கூட வந்தவர்கள் 8,331. கூட வந்தவர்கள் சரிபாதி! தினம் நாற்பத்தைந்து பேருக்கு மேல். எல்லோருமே பெல்ட்டினால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. முன் ஸீட்டில் பெல்ட் அணிந்தால் சாகும் அபாயம் பாதிக்குப் பாதி குறையும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தாரின் மதிப்பு. அந்தப் பாதிதான் நமக்கு வேண்டும்.

மணியின் வாயை அடைக்கும் இரும்பு நாக்கு விஷயத்துக்கு வருகிறேன். 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் முன் ஸீட்டு இரண்டுக்கும் இந்த மணி இருக்க வேண்டுமென்று விதி. மணி வந்த கையோடு நாக்கும் கடைக்கு வந்து விட்டது. 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தார் ஐந்து பெரிய இணையக் கடைகளுக்கு உத்தரவு போட்டு, இந்தச் சரக்கைப் பற்றிய 13,118 விளம்பரங்களை எடுக்கச் செய்தார்கள். பதின்மூன்றாயிரம்! நம் ஜனங்களுக்குத் தொழில் முனைப்பு இல்லை என்று யார் சொன்னார்கள்? ஒரு காலத்தில் இந்தத் தேசத்தில் சட்டத்தை மீறுவது பெருமையாக இருந்தது. உப்புச் சட்டத்தை மீறியவர்கள் பட்டப் பகலில், போலீஸ்காரருக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து விட்டு மீறினார்கள். உப்பைக் காய்ச்சிக் கொண்டே, "நான் உப்புக் காய்ச்சவில்லை, வெந்நீர் போடுகிறேன்" என்று அவர்கள் பாசாங்கு செய்யவில்லை. நாமோ நாமே அனுப்பிய பிரதிநிதிகள் நம் உயிருக்காகச் செய்த சட்டத்தை, நாமே விலை கொடுத்து வாங்கிய வண்டியை ஏமாற்றி மீறுகிறோம்.

போலீஸ்காரரின் கண்ணுக்காக மாட்டுகிறவர்கள் சரியாக மாட்டுவதும் இல்லை. கழுத்தை அறுக்கிறதென்று தோள் பட்டையை அக்குளுக்கடியில் விட்டுக் கொள்கிறார்கள். மோதலில் அது விலா எலும்பை முறித்து உள்ளே குத்தும். பட்டையை முதுகுக்குப் பின்னால் போட்டுப் பூட்டுகிறவர்கள், போலின் ஒழித்துக் கட்டிய பழைய வயிற்றுப் பெல்ட்டுக்கே திரும்பிப் போகிறார்கள். ஸீட்டைச் சாய்த்துக் கொண்டு படுத்தபடி பிரயாணம் செய்கிறவர்கள் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிக் கொண்டு போய் விடுவார்கள். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் அல்ல, அதற்குக் கீழே இரண்டு பக்கத்து இடுப்பு எலும்புகளின் மேல் படிய வேண்டும். தோள் பட்டை கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே காறை எலும்பின் மேல் சென்று மார்பின் குறுக்கே வர வேண்டும். முறுக்கல் கூடாது, தொளதொளப்புக் கூடாது. கர்ப்பிணிகளும் அணிய வேண்டும். கீழ்ப் பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையோடு ஒட்டினாற் போல். ஒரு தடவை பெரிய மோதலைத் தாங்கிய பெல்ட்டை மாற்றி விட வேண்டும்; பார்வைக்கு நன்றாயிருந்தாலும் அதன் இழை நீண்டு போயிருக்கும்.

கலியாண வீட்டில் நான் இதையெல்லாம் சொல்லப் போக, என் தமக்கை, "பட்டுப் புடவை கசங்குமே!" என்றாள். கலியாணப் பெண் ஒட்டியாணத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு விடவும் முடியாமல் மூன்று மணி நேரம். "அதோ பார். தங்கத்தில் செய்தால் இடுப்பில் பட்டை கட்டிக் கொள்ள உங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்றேன். தமக்கை பதில் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பாட்டி, நெற்றியில் பிளாஸ்திரியோடு, "அவன் சொல்கிறது நியாயந்தான்" என்றார். மருமானின் மனைவி இத்தனை நேரம் ஒன்றும் பேசாமல் குழந்தையின் நெற்றிப் புடைப்பைத் தடவிக் கொண்டிருந்தாள்.

மாலையில் திரும்பும்போது மருமான் தானாகவே பின் ஸீட்டு உறையைத் தூக்கினான். இரண்டு கொண்டை ஊசி, ஓர் ஐந்து ரூபாய் நாணயம், வேர்க்கடலைத் தோல், குழந்தையின் தொலைந்து போன கிலுகிலுப்பை, இவற்றினடியில் மூன்று பூட்டுக்களும் புது மெருகு குலையாமல் இருந்தன. ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட் பொருந்தாது. பட்டை நேரே கழுத்தில் வந்து நிற்கும். அதற்குத் தனி ஆசனம் வேண்டும். "நாளைக்கு வாங்கி விடுகிறேன், இன்றைக்கு மட்டும் மடியில் வைத்துக் கொள்" என்றான் மருமான்.

"நீங்கள் வாங்கிக் கொண்டு வாருங்கள். குமணன்சாவடியில்தான் அம்மா வீடு இருக்கிறது. அதுவரைக்கும் நானும் குழந்தையும் அங்கே இருக்கிறோம்" என்றாள் அவன் மனைவி. குரலை உயர்த்தவில்லை. மருமான் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

ஆகவே நாங்கள் நான்கு பேர்தான் அம்பத்தூர் திரும்பினோம். வண்டியில் ஏறியவுடன் மருமான் அந்த இரும்பு நாக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டான். தூக்கி எறியவில்லை, காசு கொடுத்து வாங்கியதாயிற்றே! நான் பெல்ட்டை மாட்டும் வரையில் மணி அடித்துத் தீர்த்தது. பின்னால் தமக்கை, புடவைத் தலைப்பைச் சரி செய்து கொண்டு, பாட்டிக்கும் மாட்டி விட்டாள்.

ஆவடி சிக்னலில் அதே போலீஸ்காரர் நின்றார். குனிந்து முன் ஸீட்டில் இருந்த எங்கள் இருவரையும் பார்த்தார். போகலாம் என்று கையை அசைத்தார். பின் ஸீட்டில் பாட்டி தம் மார்பின் குறுக்கே கிடந்த பட்டையை இரண்டு விரல்களால் தூக்கி அவருக்குக் காட்டினார். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எங்கள் பின்னால் வந்த லாரியை நோக்கி விசில் ஊதிக் கொண்டிருந்தார்.